இலைச்சாறு கிரீமும் ஒரு சதவீதக் கணக்கும்

வீட்டுத் தயாரிப்பு முகக் கிரீம்களின் விளம்பரத்தில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் "பாட்டி வைத்தியம்", "நூறு சதவீதம் இயற்கை" என்று போட்டாலே போதும். இப்போது கூடவே ஒரு ஆய்வக எண்ணும் வருகிறது. இந்த இலைச்சாறு தோலுக்கு நிறம் தரும் டைரோசினேஸ் நொதியை இத்தனை சதவீதம் தடுக்கிறது, அந்த இலையில் வைட்டமின் சி-க்கு இணையான ஆன்டி-ஆக்ஸிடன்ட், இப்படி. மதுரையைச் சுற்றி இலைக்குப் பஞ்சமே இல்லை. ஆயக்குடிக் கொய்யா, நத்தம் மா, பெரியகுளத்திலிருந்து புறப்பட்டு ஊரெல்லாம் பரவிய பி.கே.எம்-1 முருங்கை, தேனி திண்டுக்கல் பக்கம் பட்டுப்புழுவுக்காக வளர்க்கும் மல்பெரி. கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஏதாவது ஓர் இலையை எடுத்து, மெத்தனாலில் ஊறவைத்து, ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனை போட்டு, ஒரு சதவீதத்தை எழுதுவது பல வருஷமாக நடக்கிறது. அந்த எண்களில் பெரும்பாலானவை பொய் இல்லை. ஆனால் சோதனைக் குழாயைப் பற்றிய எண்ணை முகத்தைப் பற்றிய எண்ணாக்கி டப்பாவில் ஒட்டும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலைச்சாறு நல்ல ஆன்டி-ஆக்ஸிடன்ட். கிரீமுக்கும் நல்லது, தோலின் மேற்பரப்புக்கும் நல்லது. நிறம் வெளுக்கும் பொருளாக எடுத்துக்கொண்டால் ரொம்ப சுமார். இந்த இரண்டும் ஒன்றுதான் என்று பலரும், ஆய்வு செய்கிறவர்களில் சிலரும்கூட, நம்புவதற்கு ஒரு சின்ன வேதிவினை காரணம். அதற்கு வருவதற்கு முன்னால் சாறு எடுக்கும் வேலையைப் பார்த்துவிடலாம். பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

பறிப்பதிலிருந்து வடிகட்டுவது வரை

ஒரு கிலோ பச்சை முருங்கை இலையை உருவிக் காயவைத்தால் 200 முதல் 250 கிராம் வரை தேறும். மீதி எல்லாம் தண்ணீர். நிழலில்தான் காயவேண்டும். பங்குனி, சித்திரையில் மாடியறையில் விரித்தால் இரண்டு நாளில் கையில் நொறுங்கும். ஐப்பசி மழையில் ஐந்து நாள் போனாலும் நமத்துக்கொண்டே கிடக்கும், ஆறாம் நாள் பூஞ்சை வாடை வரும். அந்த இலையை எப்படிக் காய்ச்சினாலும் பயனில்லை, தூக்கிப் போடுவதுதான் மரியாதை. மழைக்காலத்தில் 45 முதல் 50 டிகிரி டிரையர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

காயவைக்கும் முன் இரண்டு நிமிஷம் ஆவியில் காட்டுவது நல்லது. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதைச் செய்யும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இலையிலும் உண்டு. இலை கசங்கியதும் அது ஃபீனால் பொருள்களைப் பழுப்பாக்க ஆரம்பித்துவிடும். நாம் தேடிப்போகும் சரக்கே அந்த ஃபீனால்கள்தான். முருங்கையில் குவெர்சிடின், கேம்ப்ஃபெரால் வகைகளும் குளோரோஜெனிக் அமிலமும், மாவிலையில் மாங்கிஃபெரின், கொய்யா இலையில் குவெர்சிடின் வகைகளோடு துவர்ப்பு தரும் டானின்களும் இருக்கின்றன. இரண்டு நிமிஷ ஆவி அந்த நொதியைச் செயலிழக்க வைத்துவிடும்.

இலை எங்கே விளைந்தது என்பதையும் கேட்க வேண்டும். மல்லிகைத் தோட்டத்து வரப்பில் நிற்கும் முருங்கையை இதற்குத் தொடவே வேண்டாம். மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து அதன் மேலும் படியும். சாறு எடுப்பது என்றால் செறிவாக்குவது. இலையில் கொஞ்சமாக இருந்த பூச்சிமருந்தும் நல்ல சத்தோடு சேர்ந்து செறிவாகும். இந்த ஒரு விஷயத்தில் மல்பெரி இலை மேல். தெளித்தால் பட்டுப்புழு செத்துவிடும் என்பதால் மருந்து விஷயத்தில் விவசாயியே எச்சரிக்கையாக இருப்பார்.

அடுத்தது கரைப்பான். ஆய்வகத்தில் மெத்தனால் பிரபலம். முகத்தில் பூசும் பொருளுக்கு அது ஆகாது. 70 சதவீத எத்தனால் நல்ல தேர்வு, ஆனால் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. கடையில் கிடைக்கும் பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், அந்தப் பக்கமே போக வேண்டாம். சிறு தயாரிப்பாளருக்கு ஏற்றது கிளிசரினும் தண்ணீரும், எடையில் 60-க்கு 40. நூறு கிராம் இலைத்தூளுக்கு ஒரு லிட்டர் கலவை. 60 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை கிளறி, சூடு ஆறுவதற்குள் வெள்ளைத் துணியில் பிழிந்து, பிறகு ஃபில்டர் தாளில் வடிக்க வேண்டும். ஆறினால் கிளிசரின் கெட்டிப்பட்டு வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இலைத்தூள் குடித்தது போக முக்கால் லிட்டர் வந்தால் திருப்தி. 60 சதவீத கிளிசரினில் கிருமி சட்டென்று வளராது, அது ஒரு வசதி.

அந்த 40 பங்கு தண்ணீர் என்ன தண்ணீர் என்பதில்தான் மதுரைக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். போர் தண்ணியில் கொய்யா இலையைக் காய்ச்சிப் பாருங்கள். முதலில் தேநீர் நிறம் வரும். பிறகு ஓரத்திலிருந்து ஒரு கருநீலம் ஏறி, கால் மணி நேரத்தில் பாத்திரம் முழுவதும் மை ஊற்றியது மாதிரி ஆகிவிடும். ஒரு சொட்டைக் காகிதத்தில் வைத்தால் எழுதலாம். அது நிஜமாகவே மைதான். தண்ணீரில் இருக்கும் இரும்பும் இலையின் டானினும் சேர்ந்தால் பழைய காலத்து எழுதும் மையின் வேதியியல் அப்படியே நடக்கும். இரும்புச் சட்டியில் காய்ச்சினாலும் இதே கதை. உப்புத் தண்ணியின் காரத்தன்மை இன்னொரு கேடு, அதைக் கொதிக்கவைத்தால் காரம் இன்னும் ஏறி ஃபீனால்கள் வேகமாகப் பழுப்பாகும். டிஸ்டில்டு வாட்டர், எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம். இதில் சமரசம் கிடையாது. கேன் தண்ணி டிஸ்டில்டு வாட்டர் ஆகாது.

ஒளிமானிக்குள் நடப்பது

இப்போது அந்தச் சதவீதத்துக்கு வருவோம். டி.பி.பி.எச். என்பது ஊதா நிறத்தில் இருக்கும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல் (வேதியியலில் தனி உறுப்பு என்பார்கள்). நூறு மில்லி மெத்தனாலில் 3.9 மில்லிகிராம் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அதில் சாற்றை விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்து, ஒளிமானி என்ற நிறம் அளக்கும் கருவியில், 517 நானோமீட்டர் ஒளியில், நிறம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். ஊதா மஞ்சளானால் ஆன்டி-ஆக்ஸிடன்ட். எளிமையான சோதனை, தவறு செய்வதும் அதே அளவுக்கு எளிமை. பச்சை இலைச்சாற்றுக்குச் சொந்த நிறம் உண்டு, அதைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் கணக்கு கோணும். தண்ணீரில் எடுத்த சாற்றை மெத்தனாலில் விட்டால் அதிலிருக்கும் பிசின் திரிந்து கலங்கும். கருவி கலங்கலையும் நிறம் என்றே படிக்கும். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், எந்தச் செறிவில் என்று சொல்லாத சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. டீக்கடை டிகாக்ஷனைக்கூடப் போதுமான அளவு விட்டால் 90 சதவீதம் காட்டும். பாதி நிறத்தைக் குறைக்க மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம் வேண்டும், அதே நாளில் அதே கலவையில் வைட்டமின் சி-க்கு எவ்வளவு வேண்டியிருந்தது, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சு.

டைரோசினேஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். தோலில் மெலனோசைட் என்ற செல்லுக்குள் இருக்கும் நொதி இது, நடுவில் இரண்டு தாமிர அணுக்கள். டைரோசினை டோபாவாக்கி, டோபாவை டோபாகுயினோனாக்கி விடுகிறது. டோபாகுயினோன் தானாகவே டோபாகுரோம் என்ற ஆரஞ்சு நிறப் பொருளாகி, மேலும் மாறி மெலனின் வரை போகும். ஆய்வகத்தில் மனித நொதி கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அதனால் மொட்டுக் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸைப் பயன்படுத்துகிறார்கள். பி.எச். 6.8 பாஸ்பேட் கரைசல், டோபா, நொதி, இலைச்சாறு, எல்லாம் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடிக் குப்பியில். 475 நானோமீட்டரில் ஆரஞ்சு நிறம் எவ்வளவு வந்தது என்று பார்க்க வேண்டும். நிறம் குறைந்தால் நொதி தடுக்கப்பட்டது என்று முடிவு.

அந்த "என்று முடிவு" என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். இலைச்சாற்றுக்குப் பதிலாக வெறும் வைட்டமின் சி-யை விட்டுக் கருவியைத் தொடர்ந்து ஓடவிடுங்கள், பத்து விநாடிக்கு ஒரு அளவு. முதல் சில நிமிஷம் கோடு தரையோடு தரையாகப் போகும். நிறமே வராது, நொதி அப்படியே செத்துவிட்டது போலத் தோன்றும். திடீரென்று கோடு நிமிர்ந்து, வைட்டமின் சி இல்லாத குப்பியில் ஏறிய அதே சரிவில் ஏற ஆரம்பிக்கும். நடந்தது இதுதான். நொதி ஒரு கணம்கூட ஓயவில்லை, டோபாகுயினோனைத் தயாரித்துக்கொண்டேதான் இருந்தது. தயாரான டோபாகுயினோனை வைட்டமின் சி உடனுக்குடன் பிடித்து மறுபடியும் டோபாவாக்கிக்கொண்டிருந்தது. வைட்டமின் சி தீர்ந்ததும் நிறம் வந்துவிட்டது. அதாவது தடுக்கப்பட்டது நொதி இல்லை, நம் கண்ணுக்குத் தெரியும் நிறம் மட்டும்தான்.

இப்போது ஐந்தாவது நிமிஷத்தில் ஒரே ஒரு அளவு எடுத்து எழுதுகிறவரை யோசித்துப் பாருங்கள். அவருக்கு அது "95 சதவீதத் தடுப்பு". இலைச்சாற்றில் இருக்கும் பல ஃபீனால்களும் வைட்டமின் சி மாதிரியே குயினோனைத் திருப்பி அனுப்பக்கூடியவை. ஆகவே ஒரு சாறு டி.பி.பி.எச். சோதனையில் எவ்வளவு கெட்டியோ, ஒற்றை அளவு எடுக்கும் டைரோசினேஸ் சோதனையிலும் அவ்வளவு கெட்டி போலத் தெரியும். "ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதிகம், அதனால் வெளுப்பும் அதிகம்" என்ற நம்பிக்கையில் பெரும் பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஒரே குணத்தை இரண்டு கருவியில் அளந்துவிட்டு இரண்டு குணம் என்று எழுதியிருக்கிறோம். டானின் நிறைந்த கொய்யா, மாவிலைச் சாறுகளில் இன்னொரு மாயமும் உண்டு. டானின் எந்தப் புரதத்தோடும் ஒட்டித் திரியவைக்கும், நொதியும் புரதம்தான். தோலுக்குள் அந்தப் பெரிய டானின் மூலக்கூறு போய்ச் சேரவே போவதில்லை.

மாணவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அரை மணி நேரம் தொடர்ந்து அளந்து முழு வளைகோட்டையும் புராஜெக்ட்டில் போடுங்கள். தாமதம் தெரிந்தால் அது ஒடுக்கம், அதாவது குயினோனைத் திருப்பி அனுப்புவது; சரிவே குறைந்தால்தான் தடுப்பு. ஒப்பீட்டுக்கு, காளான் நொதியைத் தடுக்கும் என்று தெரிந்த கோஜிக் அமிலம் போடுங்கள். டானினை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. தூளால் அதை நீக்கிவிட்டு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எண் சரிந்தால் மனம் உடைய வேண்டாம், அந்தச் சரிவே ஒரு நல்ல முடிவு.

காளான் நொதி மனித நொதி இல்லை என்பது வேறு பிரச்சினை. 2018-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 50,000 வேதிப்பொருள்களை மனித டைரோசினேஸ் மேலேயே சோதித்தார்கள். காளானில் நட்சத்திரமாக மின்னும் கோஜிக் அமிலமும், வெளுப்பு கிரீம்களில் சேரும் ஆர்புடினும் மனித நொதியில் பலவீனமாகவே வேலை செய்தன. தயாமிடால் என்ற பொருள் அந்தச் சோதனையில்தான் முன்னுக்கு வந்தது. அது இலையில் கிடைக்காது.

தோல் ஒரு சுவர்

குப்பியில் நொதிக்கும் சாற்றுக்கும் நடுவில் தடையே இல்லை. முகத்தில் மேல்தோலின் இறந்த செல் அடுக்கைத் தாண்டி, உயிருள்ள அடுக்குகளைத் தாண்டி, அடித்தளத்தில் இருக்கும் மெலனோசைட்டுக்குள் நுழைந்து, அதற்குள் மெலனோசோம் என்ற பைக்குள்ளும் போக வேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் தோல் வழியாக நுழைவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பழகிய கணக்கு. இலைகளில் இருக்கும் ரூட்டின் என்ற ஃபீனால் 610, வல்லாரையின் ஆசியாட்டிகோசைடு 959. சர்க்கரை ஒட்டிய ஃபீனால்கள் எடை குறைவாக இருந்தாலும் தண்ணீரில் கரையும் சுபாவம் உள்ளவை, கொழுப்பு நிறைந்த அந்த மேலடுக்கில் இறங்கத் தயங்கும்.

அளவையும் போட்டுப் பாருங்கள். நூறு கிராம் இலைத்தூளில் 20 கிராம் சத்து கரைகிறது என்று வைத்தால், மேலே சொன்ன கிளிசரின் சாற்றில் சத்து சுமார் 2 சதவீதம். "முருங்கைச் சாறு 5%" என்று டப்பாவில் போட்டால் கிரீமில் உண்மையான இலைச்சத்து 0.1 சதவீதம். முகத்துக்கு ஒரு கிராம் கிரீம் பூசினால் ஒரு மில்லிகிராம். அதில் ஃபீனால் பத்தில் ஒரு பங்கு இருந்தால் 0.1 மில்லிகிராம். பெரும்பகுதி மேலேயே தங்கி, முகம் கழுவும்போது போய்விடும்.

மேலே தங்குவது வீண் என்று சொல்லவில்லை. தோல் மேற்பரப்பின் எண்ணெய்ப்பசை வெயிலில் ஆக்ஸிஜனேற்றம் அடையும், அதைத் தணிக்க மேலே இருக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்டுக்கு வேலை உண்டு. கிரீமின் எண்ணெய் காறிப்போகாமல் காப்பதும் ஒரு வேலை. இந்த இரண்டையும் டப்பாவில் தைரியமாக எழுதலாம். யாரும் எழுதுவதில்லை, விற்காது என்று நினைக்கிறார்கள்.

உள்ளே போய் நிஜமாகவே டைரோசினேஸைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. ஜப்பானில் ரோடோடென்ட்ரால் என்ற ஃபீனால், மரங்களில் இயற்கையாகக் காணப்படுவது, 2008-ல் அனுமதி பெற்று வெளுப்பு கிரீம்களில் 2 சதவீதம் சேர்க்கப்பட்டது. 2013 ஜூலையில் கனேபோ நிறுவனம் அந்தக் கிரீம்களைத் திரும்பப் பெற்றது. 18,000 பேருக்கு மேல் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெண்புள்ளி மாதிரித் திட்டுத் திட்டாக நிறம் போயிருந்தது. டைரோசினேஸ் அந்தப் பொருளைத் தன் இரையாகவே எடுத்துக்கொண்டு ஒரு குயினோனாக மாற்றியது, அந்தக் குயினோன் மெலனோசைட்டையே கொன்றது. இயற்கையில் கிடைக்கும் பொருள், அரசு அனுமதி பெற்ற பொருள், பெரிய கம்பெனியின் ஆய்வகம், எல்லாம் இருந்தும் இப்படி. நம் ஊர் இலையில் அப்படி ஒன்று நடந்ததாக நான் சொல்லவில்லை. சாறு பலவீனமாக இருப்பதே பல சமயம் நமக்குப் பாதுகாப்பு என்கிறேன்.

பச்சையாக அரைத்துப் பூசுகிறவர்களுக்கு ஆபத்து வேறு திசையில் வரும். நம் தோல் எரிச்சல் பட்டால் சிவந்து ஆறுவதோடு நிற்காது, ஆறிய இடம் கறுக்கும். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால், குறிப்பாகப் பழத்தோலின் எண்ணெயும் சேர்ந்திருந்தால், அதிலிருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டுப் புண்ணாக்கிப் பல மாதம் போகாத கருந்தழும்பைத் தரும். அத்தி இலைப் பாலும் அதே ரகம். வெளுக்கப் பூசியது கறுக்க வைத்த கதைகளில் பாதி இதுதான்.

கிரீமில் சேர்க்கும்போது

நூறு கிராம் கணக்கு இது. டிஸ்டில்டு வாட்டர் 72.4, கிளிசரின் 3, சாந்தன் கம் 0.3, டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 0.1. இது தண்ணீர்ப் பக்கம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் எமல்சிஃபையிங் வாக்ஸ் 6, எண்ணெய் 12. இது எண்ணெய்ப் பக்கம். சாந்தன் கம்மைக் கிளிசரினில் குழைத்துவிட்டுத் தண்ணீரில் விட்டால் கட்டி தட்டாது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே 75 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை விட்டு, கை பிளெண்டரால் மூன்று நிமிஷம் அடித்து, ஆறும்வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு இலைச்சாறு 5, வைட்டமின் ஈ 0.3, பிரிசர்வேட்டிவாக ஃபீனாக்ஸி எத்தனால் 0.9. சூட்டில் சாற்றைச் சேர்த்தால் நிறமும் சத்தும் போய்விடும். கடைசியில் பி.எச். மீட்டரை 4-லும் 7-லும் சரிபார்த்துவிட்டு, லாக்டிக் அமிலத்தால் 5.2-க்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கே கெடும்? முதலில் நிறம். அன்றைக்கு இளம்பச்சையாக அழகாக இருக்கும் கிரீம் மூன்று வாரத்தில் காக்கியாகிவிடும். குளோரோஃபில்லின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தை அமிலம் பிடுங்கிவிடுகிறது, புளி விட்ட கீரை நிறம் மங்குவது போலத்தான். பச்சை நிலைக்க வேண்டும் என்று சிலர் பி.எச்.-சை 7-க்கு ஏற்றிவிடுவார்கள். பச்சை கொஞ்ச நாள் நிற்கும், ஃபீனால் பழுப்பாகும், பென்சோயேட் வகைப் பிரிசர்வேட்டிவ் போட்டிருந்தால் அது வேலை செய்யாது, கிருமி புகும். நல்ல வழி, சாற்றிலிருந்தே பச்சையை எடுத்துவிடுவது. ஆல்கஹாலில் எடுத்த சாறு என்றால் ஆல்கஹாலைக் குறைந்த சூட்டில் ஆவியாக்கி எடுத்துவிட்டு, தண்ணீர் சேர்த்து ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் பச்சைப் பிசின் அடியில் படியும், மேலே இருக்கும் தேன்நிறத் தெளிவை வடித்துக்கொள்ளலாம். ஆக்டிவேட்டட் கார்பனும் பச்சையை எடுக்கும், கூடவே ஃபீனாலையும் எடுத்துக்கொள்ளும். நிறத்துக்காகச் சரக்கையே கொடுத்துவிடுகிற வியாபாரம் அது. கிளிசரின் சாற்றில் பச்சை குறைவாகவே இறங்கும், அதனால்தான் சிறு தயாரிப்பாளருக்கு அதைச் சொல்கிறேன்.

ஜெல் செய்கிறவர்கள், ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமரில் சாற்றை விட்டதும் ஜெல் தண்ணியாகிவிட்டது என்று புலம்புவார்கள். இலையில் பொட்டாசியம் உப்புகள் நிறைய உண்டு, கார்போமருக்கு உப்பு ஆகாது. சாந்தன் கம் இதைத் தாங்கும். பிரிசர்வேட்டிவ் வேண்டாம், இயற்கை என்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. தண்ணீர் இருக்கும் கிரீமில் இலைச்சத்தும் சேர்ந்தால் அது கிருமிக்கு விருந்து. வேம்பு கிருமிநாசினிதானே, அதுவே காக்கும் என்ற வாதம் மூன்றாம் வாரம் டப்பா மூடிக்கு அடியில் கருப்புப் புள்ளியாகப் பதில் சொல்லும்.

விற்கிறவர்கள் மூன்று மாதம் 40 டிகிரி அடுப்புப் பெட்டியில் வைத்து நிறம், வாசம், பி.எச்., கிருமி எண்ணிக்கை பார்த்துவிட்டுத்தான் விற்க வேண்டும். நம் ஊர் கடை அலமாரி மே மாதத்தில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். விற்பனைக்காகத் தயாரிக்க 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். சொந்தமாக ஆலை போட முடியாத மகளிர் குழுக்கள், உரிமம் உள்ள ஆலையில் தங்கள் பெயரில் செய்து வாங்கும் லோன் லைசென்ஸ் முறையைப் பார்க்கலாம். வெயில் காப்பைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 20 என்று இலைச்சாற்றுக்குப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மான்சூர் சமன்பாட்டில் கரைசலை வைத்துக் கணக்குப் போட்ட எண் அது. முகத்தில் பூசிய படலத்தின் எண் இல்லை.

ஒரு வாரத்தில் வெளுத்தால்

மேல்தோல் முழுவதும் புதுப்பிக்க நாலு வாரத்துக்கு மேல் ஆகும். இன்று டைரோசினேஸை முழுமையாக நிறுத்தினாலும் ஏற்கெனவே மேலே வந்துவிட்ட மெலனின் உதிர அத்தனை நாள் வேண்டும். நிறம் குறைக்கச் சேர்க்கும் நியாசினமைடு 4, 5 சதவீதம் இருக்கும் நல்ல கிரீம்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் காட்டும். அதுவும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை பைக்கில் மொட்டை வெயிலில் போய்வந்தால் நின்றுவிடும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே போதும் கறுக்க, அவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் எந்த இலையையும்விட மேல்.

ஆகவே "ஒரே வாரத்தில் கலர்" என்று இலைக் கிரீம் ஒன்று நிஜமாகவே வேலை செய்தால், வேலை செய்வது இலை இல்லை. மூன்று சாத்தியங்கள் உண்டு. டைட்டானியம் டை ஆக்ஸைடு என்றால் வெறும் வெள்ளைப் பூச்சு, கழுவினால் போகும். ஸ்டீராய்டு என்றால் ரத்தக் குழாய் சுருங்கி வெளிறும். நாளானால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு கொட்டும். மூன்றாவது பாதரசம், அது சிறுநீரகத்தைத் தாக்கும். அழகுசாதனத்தில் தற்செயலாகக் கலந்திருந்தாலும் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் சட்டம், கண்ணைச் சுற்றிப் போடும் பொருள்களுக்கு மட்டும் தனி வரம்பு. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் நடுவே, சிறுநீரில் புரதம் கசியும் மெம்பிரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அந்த நோயின் நெல்-1 என்ற ஒரு தனி வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்.

டப்பாவைப் பார்த்தே சந்தேகப்படச் சில அடையாளங்கள் உண்டு. தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இருக்காது. சேர்மானப் பட்டியல் இருக்காது, இருந்தால் கலோமெல், மெர்குரிக், மெர்குரியோ என்று பாதரசத்தைக் குறிக்கும் ஒரு சொல் எங்காவது ஒளிந்திருக்கும். தங்கம், வெள்ளி, அலுமினியம், நகைகள் படாமல் பூசவும் என்று ஒரு எச்சரிக்கை இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. பாதரசம் தங்கத்தோடு ஒட்டும், தாலிச் செயினை வெள்ளையாக்கிவிடும். வெளிச்சத்தில் திறந்து வைத்தால் கிரீம் சாம்பல் நிறத்துக்கு மாறுவதும் உண்டு.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் பாதரசச் சந்தேகம் என்றால் அன்றே நிறுத்த வேண்டும். டப்பாவைக் குப்பையில் வீசாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்க வேண்டும். அதே துண்டும் தலையணை உறையும் குழந்தைகளுக்குப் போகக் கூடாது. ஸ்டீராய்டு என்றால் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும், எப்படிக் குறைப்பது என்று தோல் மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது கிரீம் டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் சொல்லிச் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். கிரீமைப் பற்றி நீங்களாகச் சொன்னால் ஒழிய, கால் வீக்கத்துக்கு வந்தவரிடம் முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றாமல் போகலாம்.